புகாரிலிருந்து பிறந்த காவல்துறை



நம் ஊர்க் காவல்துறையின் வரலாற்றை எங்கே தொடங்குவது? தமிழாசிரியர்கள் மதுரைக்காஞ்சிக்குப் போவார்கள். நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரியும் மதுரை நகர்க் காவலர் அதில் வருகிறார்கள். துறையின் மலர்களோ 1859ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கும். இந்தக் கருத்தரங்கின் தலைவர் என்ற சலுகையில் நான் வேறோர் இடத்தில் தொடங்குகிறேன்: 1854 ஜூலை, லண்டன் நாடாளுமன்றம். சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்களா என்று அன்று அங்கே கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வி அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி இருந்தார். 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவர். மறு ஆண்டு இங்கு வந்த டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்துக்கொண்டு மாவட்டங்களைச் சுற்றிக் காட்டினார். திரும்பிப் போன சீமோர் அவையில் பேசினார். மறுத்துப் பார்த்த கம்பெனி அரசு, வேறு வழியில்லாமல் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு விசாரணை ஆணையம் அமைத்தது. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது.

நேரிலும் கடிதத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் அந்த ஆணையத்துக்கு வந்து சேர்ந்தன. கிட்டியில் விரலை நசுக்கியது, உடலை வளைத்துக் கட்டி அண்ணாந்தாள் போட்டது, உச்சி வெயிலில் நிறுத்தியது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவியது என்று அந்தப் பக்கங்களைப் படிப்பது எளிதல்ல. கொடுமையை விட என்னை நிறுத்தியது அதன் அமைப்பு. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி, வரி வசூலிக்கும் கலெக்டரே மாஜிஸ்திரேட். அவருக்குக் கீழே வரி தண்டும் தாசில்தாரே தாலுகாவின் போலீஸ் தலைவர். ஊரில் மணியக்காரருக்கும் இரண்டு வேலையும் உண்டு. வரி பாக்கிக்காக அடிபட்டவன் புகார் கொடுக்கப் போனால், அடித்த கச்சேரிக்கே போக வேண்டும். ஆணையம் இந்த முடிச்சைச் சரியாகவே கண்டது. வருவாயையும் போலீஸையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவு அங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் பழி முழுவதையும் சுதேசிச் சிப்பந்திகள் மேல் இறக்கிவைத்து, வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டது. அந்தச் சாமர்த்தியத்தை 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் ஒருவர் கடுமையாகச் சாடினார். அவர் பெயர் கார்ல் மார்க்ஸ்.

ஆக, 1859இன் 24ஆம் சட்டம் திருட்டும் கொள்ளையும் பெருகியதால் மட்டும் வந்ததல்ல. போலீஸைப் பற்றிய புகாருக்கு அரசு சொன்ன பதில் அது. வில்லியம் ராபின்சன் தலைமையில் தனித்துறை, மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்பாளர், சீருடை, கவாத்து எல்லாம் வந்தன. எடுத்துக்கொண்ட முன்மாதிரி எது என்பதைக் கவனியுங்கள். 1829இல் உள்துறை அமைச்சர் பீல் லண்டனில் அமைத்த ஆயுதமில்லாத ரோந்துக்காரர்கள் அல்ல. ஆங்கிலேயர் அயர்லாந்தை அடக்கி வைக்க அமைத்த ஆயுதக் காவற்படை. ஆங்கிலத் தளபதி நேப்பியர் அதை ஏற்கெனவே சிந்துவில் சோதித்திருந்தார். குடியானவனின் முறையீட்டுக்கு மருந்து தேடிப் போய், இன்னொரு அடிமை நாட்டிலிருந்து முகாம் ஒழுங்கை வாங்கி வந்தார்கள். 1861இல் பிற மாகாணங்கள் பலவற்றுக்கும் போலீஸ் சட்டம் வந்தது. வரியும் லத்தியும் பிரிந்தன. லத்தி அப்படியே இருந்தது.

அதே அரசுக்கே தன் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் செல்லாது என்று 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 1872இன் சாட்சியச் சட்டம் அதை 25ஆம் பிரிவாக்கியது. இன்றைய சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. ஆனால் வாக்குமூலத்தை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் செல்லும் என்ற 27ஆம் பிரிவும் கூடவே வந்தது. கீழ்க் கோர்ட்டில் வாதாடிய எந்த வக்கீலையும் கேளுங்கள், ‘ரெக்கவரி’ என்ற ஒரே சொல்லில் எத்தனை வழக்கு நிற்கிறது என்று சொல்வார்.

இப்போது மறுபக்கம். இந்தப் புதிய துறை வெற்றிடத்தில் வந்து அமரவில்லை. மதுரை, நெல்லைச் சீமைகளில் ஊர்களோடு பேசிவைத்த காவல் முறை இருந்தது. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு. மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பறிகொடுத்தவனுக்கு மாடு முக்கியம், கள்வனுக்குத் தண்டனை அடுத்தபடி. புதிய போலீஸில் இது தலைகீழாயிற்று: ஆள் அகப்பட வேண்டும், மாடு கோர்ட்டுச் சொத்தாக நின்றாலும் பரவாயில்லை. பழைய முறையைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. துப்புக் கூலி வாங்கிக்கொண்டு, தானே ஓட்டிப்போன மாட்டைத் தானே திருப்பித் தந்த கதைகள் ஏராளம். 1896இல் திண்டுக்கல் பக்கத்து விவசாயிகள் பொதுவில் பணம் போட்டுத் தாங்களே காவல் வைத்து, கள்ளர் சமூகத்தாரின் காவலுக்கு எதிராகக் கிளம்பியதும் சும்மா அல்ல. ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: காவல் உரிமையைப் பறித்த அரசு, அந்த மக்களுக்கு என்ன பிழைப்பைக் கொடுத்தது?

கொடுத்தது கைரேகைச் சட்டம். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியில் பிறந்த ஆண்மகன் ரேகை பதிந்து, இரவில் கச்சேரியில் படுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்றானது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். இந்த மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல்.

போலீஸை விசாரித்த பிரேசர் ஆணையம் (1902-03) துறையைக் கண்டித்தது, சி.ஐ.டி.யைக் கொடுத்தது, அதைப் பற்றிக் கட்டுரைகள் வர இருப்பதால் தாண்டுகிறேன். சென்னை மாகாணப் போலீஸைப் பற்றிய டேவிட் அர்னால்டின் 1986ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு இந்த ஆய்வுத்துறையில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சில மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நிறைய இருக்கிறது. நாம் இதுவரை படித்ததில் பெரும்பகுதி துறை தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட காகிதம். நிர்வாக அறிக்கையில் குற்ற எண்ணிக்கை இருக்கும். அடிபட்டவர் குரல் இருக்காது. அந்தக் குரல் 1855 அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது, மனுக்களில் இருக்கிறது, செஷன்ஸ் கோர்ட்டு வாக்குமூலங்களில் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் காவல்துறைத் தொகுதியோடு நின்றுவிடாமல் வருவாய், நீதித் தொகுதிகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடிபட்டவர் குரல் பதிவில் நிற்காதது பழைய கதை மட்டுமல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் நிலையத்தில் அடிபட்டுக் காவலில் இறந்தபோது, நிலையக் கேமராப் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். நடந்ததைச் சொன்னது பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாக்குமூலம். அதே ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், நிலையம்தோறும் கேமரா வேண்டும், பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. பதினெட்டு மாதம் வழக்குக்கு உதவலாம். வரலாற்றுக்கு அது போதாது.

ஆகவே நிறைவு அமர்வில் தீர்மானமாக வைக்க ஒரு கோரிக்கையை முன்மொழிகிறேன். நிலையப் பொது நாட்குறிப்புகளும் மனுப் பதிவேடுகளும் கெடு முடிந்ததும் கழித்துக் கட்டப்படுகின்றன. மாவட்டத்துக்குச் சில நிலையங்களிலாவது அவற்றைக் கழிக்காமல், உரிய காலத்தடையோடு ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற அரசைக் கேட்போம். வாசகத்தைச் செதுக்கித் தரும் பொறுப்பை, ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்று இங்கே வந்திருக்கும் நண்பர்களிடம் விடுகிறேன். எந்தப் பதிவேட்டில் எது இருக்கும், எதில் எது இருக்காது என்று எங்களை விட அவர்களுக்குத் தெரியும்.