மருத்துவச் செலவு என்று எழுதி வாங்கிய கடன்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

தலைவி அக்கா என்னைக் கடன் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் வாங்கின ஒரு கடனைப் பத்தியே சொல்லிடுறேன்.

மூணு வருசத்துக்கு முன்னால குழுவில் 5,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டில் ‘மருத்துவச் செலவு’ன்னு இருக்கும். அந்தப் பணம் ஒரு சத்துப் பவுடர் டப்பாவுக்கும் ரெண்டு பாட்டில் மாத்திரைக்கும் போச்சு.

அந்த வருசம் சாரல் நேரத்தில் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். மெயின் அருவியில் குளிச்சிட்டு பஸ்ஸ்டாண்டு வரை நடக்கவே எனக்கு மூச்சு வாங்கிச்சு. கூட வந்த மைனி, “உனக்கு ரத்தம் இல்லட்டி, இந்தப் பவுடரைக் குடி”ன்னாங்க. அவங்களே விக்கிறாங்க. மைனியைக் குறை சொல்ல மாட்டேன், அவங்களும் பணம் கட்டித்தான் சேர்ந்தாங்க, நம்பித்தான் சொன்னாங்க.

மூணு மாசம் குடிச்சேன். அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தா 8.6. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைஞ்சாலே ரத்தசோகைன்னு நர்சம்மா சொன்னாங்க. டப்பாவைக் கொண்டு வரச் சொன்னாங்க. பின்பக்கம் பொடி எழுத்தில், இது எந்த நோயையும் குணப்படுத்தவோ தடுக்கவோ இல்லைன்னு இங்கிலீஷில் போட்டிருக்கு. பிளஸ் டூ படிக்கிற என் மகள்தான் வாசிச்சுச் சொன்னா. முன்பக்கம் சிரிக்கிற பொம்பளை படம் மட்டும் பெருசா இருந்துச்சு.

நர்சம்மா கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம். “மாதவிலக்கு எத்தனை நாள் போகுது?” எட்டு நாள், ஒன்பது நாள். அது எனக்குப் பழகிப் போச்சு, யாரிடமும் சொன்னதில்லை. தென்காசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. சாதாரணக் கட்டிதான், வைத்தியம் நடந்துச்சு. ஆனா ஓட்டையை அடைக்காம குடத்தில் தண்ணி ஊத்தின கதையா, பவுடரைக் கரைச்சுக் குடிச்சுக்கிட்டே இன்னும் ஒரு வருசம் ஓட்டியிருப்பேன்.

கொடுத்த மருந்து என்ன தெரியுமா? சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் அமிலம். காசே கிடையாது. என் ரெண்டு பிரசவத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க, நான் பரணில் போட்டு வச்சேன். குமட்டுது, மலம் கறுப்பா போகுதுன்னு பயம். கறுப்பா போறது இரும்பினால்தான், பயப்பட ஒண்ணுமில்லை. ராத்திரி சாப்பிட்டதும் போட்டா குமட்டல் குறையும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காப்பி, டீ வேண்டாம். பீடி சுத்துறவங்களுக்கு டீயை விடுறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தா இரும்பு நல்லா உடம்பில் ஒட்டும். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடாம வேற வேளைக்கு வைக்கணும். சின்னப் பிள்ளை கைக்கு எட்டாம வைங்க. மிட்டாய்னு நினைச்சுத் தின்னா உயிருக்கே ஆபத்து.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம்ம தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பக்கத்தில் இருக்கிறவங்களைப் பாருங்க, ரெண்டு பேரில் ஒருத்தர்.

மாத்திரையே வேண்டாம்னு நான் சொல்லலை. கர்ப்பிணிக்குக் கட்டாயம் வேணும். சர்க்கரைக்கு ரொம்ப நாளா மெட்பார்மின் போடுறவங்களுக்கு பி12 குறையலாம், டாக்டரிடம் கேளுங்க. ஆனா வைட்டமின் ஏ, டி ரெண்டும் உடம்பில் தங்குற சரக்கு. அளவு மீறினா கெடுதல். கர்ப்பிணி ஏ மாத்திரையைத் தானா வாங்கிப் போட்டா வயித்துப் பிள்ளைக்கே ஆகாது. இன்னொண்ணு, ரேஷன் அரிசியில் மிதந்துச்சே, அது பிளாஸ்டிக் இல்லை. இரும்பும் போலிக் அமிலமும் பி12ம் சேர்த்துச் செஞ்ச அரிசி. நூறுக்கு ஒண்ணு கலந்தாங்க. அந்த அரிசி இருந்தா பொறுக்கி எறியாதீங்க. நானும் எறிஞ்சவதான்.

போன மாசம் எங்க குழுவில் ஒரு தீர்மானம் வந்துச்சு. அந்தப் பவுடருக்கு ஏஜென்சி எடுக்க குழுக் கடன். “விக்கிறவளுக்கு நாலு காசு வருமே”ன்னு ஒருத்தி கேட்டா. நியாயமான கேள்விதான், பீடிக்கூலியில் என்ன மிஞ்சுது? நான் என் டப்பாவையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் நடுவில் வச்சேன். ஆறு பேர் வேண்டாம்னாங்க, நாலு பேர் வேணும்னாங்க. அந்த நாலு பேரில் ரெண்டு பேர் இன்னும் என்னோட சரியா பேசலை.

ஒண்ணு நமக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன். நம்ம கூட்டமைப்பு விக்கிற சத்துமாவை நல்ல மாவுன்னு சொல்லி விப்போம். ரத்தம் ஊறும்னு சொல்லி விக்க வேண்டாம். கோவிச்சுக்காதீங்க.

5,000 ரூபாயை வட்டியோட கட்டி முடிச்சிட்டேன். ரத்தம் இப்ப 11.8. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் கிடக்கிற மாத்திரை அட்டை, டப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, நர்சம்மா வந்து பார்க்கிறதாச் சொல்லியிருக்காங்க.