துவாரசமுத்திரமும் நீலமலையும்



நீலகிரியின் வரலாறு, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறியதிலிருந்து தொடங்குவதாகவே பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. ஆனால் அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, இன்று ஹளேபீடு என வழங்கும் துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட போசளர்களின் கல்வெட்டில் இம்மலை இடம்பெற்றுவிட்டது.

மலைநாட்டுச் சிற்றரசர்களாக எழுந்த போசளர், விஷ்ணுவர்த்தனன் காலத்தில் சோழரிடமிருந்து தலைக்காட்டைக் கைப்பற்றித் தெற்கே படர்ந்தனர். அவனுடைய தண்டநாயகனாகிய, அதாவது படைத்தலைவனாகிய புணிசன், மலைமக்களாகிய தோடரை அச்சுறுத்தியதோடு நீலமலையில் நுழைந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினான் என்று, 1117ஆம் ஆண்டுச் சாமராஜநகர்க் கல்வெட்டு அவனைப் புகழ்கிறது. மைசூர்ப் பீடபூமிக்கும் கொங்குநாட்டுக்கும் வயநாட்டுக்கும் நடுவே நிற்கும் மலையைத் தன்வசப்படுத்துவது, தெற்கு நோக்கி விரிந்த அரசுக்கு எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

 இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மூன்றாம் வீரவல்லாளன் காலத்தில், மாதவ தண்டநாயகர் என்னும் தலைவர் நீலகிரியை அடக்கியவர் என்ற பொருள்படும் பட்டத்தைத் தாங்கினார். பவானியும் மோயாறும் கூடும் இடத்தில் நின்ற தண்ணாயக்கன்கோட்டை இத்தண்டநாயகர்களின் நினைவைத் தாங்கியிருந்தது. 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையின் நீர்த்தேக்கத்துள் அது மூழ்கிவிட்டது.

தலைநகரும் நிலைக்கவில்லை. 1311இல் மாலிக் கபூரின் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டது. பின்னர்த் திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட வல்லாளன், மதுரைச் சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் வழியினரின் ஆட்சியும் விரைவில் முடிந்தது. அச்சுறுத்தப்பட்டவர்களாகக் கல்வெட்டு குறித்த தோடரோ, இன்றும் இம்மலையில் தங்கள் குடியிருப்புகளாகிய மந்துகளில் எருமைகளைப் பேணி வாழ்கின்றனர்.

வென்றவன் கல்லில் பொறித்ததை மட்டும் வரலாறாகக் கொண்டால், மலையின் மக்கள் தோல்வியின் பெயராகவே எஞ்சுவர். மொழியியலறிஞர் எமனோ 1930களில் கேட்டுத் திரட்டிய தோடர் பாடல்கள் 1971இல் நூலாகியுள்ளன. இடங்களும் மனிதரும் எருமைகளும் பெயர் பெற்று வாழும் இன்னொரு நினைவேடு அது. ஆகவே உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள பள்ளிகள் புணிசனின் கல்வெட்டையும் தோடரின் பாடலையும் ஒருசேரக் கற்பிக்க வேண்டும். நீலகிரியின் வரலாறு முழுமை பெறுவதற்கு வேறு வழியில்லை.