சனிக்கிழமைச் சம்பளம் தெரியாத கல்விக் கம்பெனி

(திருப்பூரில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வியைச் செயலியில் வைத்து விற்கும் கம்பெனிகளில் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். "எங்களை மாதிரி நீயும் பனியன் கம்பெனிக்குப் போகக் கூடாது" என்று பெற்றோர் டிகிரி படிக்க வைத்த பிள்ளைகள். நானும் அப்படி ஒரு கம்பெனியில், திருப்பூர் ஏரியாவில் இரண்டு வருடம் இருந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. எல்லா இடத்திலும் நடப்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாலை ஆறு மணிக்கு, அப்பா அம்மா இருவரும் வீட்டில் இருக்கும்போது டெமோ காட்ட வேண்டும் என்பது தலைமையின் உத்தரவு. திருப்பூரில் ஆறு மணிக்கு யார் வீட்டில் இருக்கிறார்கள்? அப்பா கட்டிங்கில், அம்மா பவர் டேபிளில். ஒன்றரை ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது ஆகிறது. மீட்டிங்கில் இதைச் சொன்னேன். "குடும்பத்துக்கு நேரம் ஒதுக்கப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள்" என்று பதில் வந்தது.

கடன் தவணை மாதம் ஐந்தாம் தேதி. இங்கே சம்பளம் சனிக்கிழமை. அதிலும் பீஸ் ரேட் என்றால், ஆர்டர் இல்லாத வாரம் கையில் காசு இல்லை. தவணையை வாரக் கணக்கில் வைக்கலாமே என்று கேட்டேன். சிஸ்டத்தில் அந்த வசதி இல்லையாம்.

பிறகு ஏன் நம் மக்கள் வாங்குகிறார்கள்? ஒரு அம்மா சொன்னார்: "செல்போனு எம் புள்ளைய என்ன சாதின்னு கேக்காதுங்களே சார்." இதே மாவட்டத்தில்தான் 2018இல் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அந்த அம்மாவின் ஆசைக்குப் பின்னால் இவ்வளவு வலி இருக்கிறது. கம்பெனிக்கு அது ஒரு வாடிக்கையாளர் எண்.

நாட்டிலேயே பெரிய கல்விக் கம்பெனியாக இருந்த பைஜூஸைப் பாருங்கள். 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அந்த அக்டோபரில் 2,500 பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே கால்பந்து வீரர் மெஸ்ஸி விளம்பரத் தூதர் ஆனார். டிசம்பரில், பெற்றோரைக் கடன் ஒப்பந்தத்தில் சிக்க வைக்கிறார்கள் என்ற புகாரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் அழைப்பாணை அனுப்பியது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் குடும்பங்களைக் குறிவைக்கிறார்கள் என்று ஆணையத் தலைவர் குற்றம் சாட்டினார். கம்பெனி மறுத்தது. 2024 ஜூலையில் அதன் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது.

அதன் நிறுவனர் பைஜு ரவீந்திரன் கேரளத்தின் அழீக்கோடு கிராமத்தில் ஆசிரியர்களின் மகனாகப் பிறந்தவர். சாதாரண மக்களை அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு தலைமை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதோ, அவர்கள் கண்ணால்தான் உலகைப் பார்க்கும். அங்கே கேள்வி கேட்டவர்கள் முதலீட்டாளர்கள். பவர் டேபிள்காரரும் கேட்கவில்லை, விற்பனைப் பையனும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? அதே 2022 அக்டோபரில் திருவனந்தபுரம் அலுவலகத்தை மூட முடிவு செய்தார்கள். ஊழியர்கள் பிரதித்வனி என்ற ஐடி ஊழியர் அமைப்போடு சேர்ந்து தொழிலாளர் துறை அமைச்சர் சிவன்குட்டியிடம் போனார்கள். சில நாட்களில் நிறுவனர் முதல்வர் பினராயி விஜயனைச் சந்தித்தார், மூடும் முடிவு கைவிடப்பட்டது.

பாபாசாகேப் அம்பேத்கரும் கல்வி நிறுவனம் நடத்தியவர்தான். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலையிலேயே வகுப்பு வைத்தார்கள். உழைக்கிறவரின் நேரத்துக்குக் கல்லூரி வளைந்து கொடுத்தது. இங்கே கம்பெனியின் ஆறு மணிக்கு உழைக்கிறவர் வளைய வேண்டுமாம்.

டார்கெட் ஷீட்டோடு வீதி வீதியாக அலையும் தோழர்களே, அந்த அம்மா எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், எந்தக் கிழமை சம்பளம் வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. தனியாகச் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். சங்கமாகச் சேருங்கள். தமிழில் வாசித்துக் காட்டாமல் எந்தக் கடன் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்க மாட்டோம் என்று முதல் தீர்மானம் போடுங்கள். அந்தப் பெற்றோர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருவார்கள்.

ஜெய்பீம்.