சிலேட்டுக் கல்லுக்குள் ஒரு காந்தக் கணக்கு

சிலேட்டுக் கல்லைத் தட்டினா தகடு தகடா உரியும். சேறு படிஞ்ச அடுக்குதான் அப்படிப் பிரியுதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஆனால் படிவு அடுக்கு வேறு, உரியும் தளம் வேறு. மலை உருவாகும்போது பாறை பக்கவாட்டில் நசுங்கி, இரண்டாவதாக உண்டான தளம் இது. இதைப் பிளவுத்தளம் என்கிறோம்.

பாறை எந்தத் திசையில் நசுங்கியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நசுங்கிய புதைபடிவம் கிடைத்தால் அளந்துவிடலாம். பல இடங்களில் அது கிடைக்காது. அங்கேதான் காந்தம் கைகொடுக்குது. பாறையிலிருந்து 2.5 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் உருளையை வெட்டி எடுத்து, பலவீனமான காந்தப் புலத்தில் வெவ்வேறு திசைகளில் திருப்பி வைத்து அளப்பாங்க. எந்தத் திசையில் கல் எளிதாகக் காந்தமாகிறது, எந்தத் திசையில் குறைவு என்று தெரியும். இது பாறையின் உள்ளமைப்பைக் காட்டும் என்று 1954-லேயே கிரஹாம் என்ற அறிஞர் எழுதினார்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள லீஹை கேப். அங்கே மார்ட்டின்ஸ்பர்க் என்ற களிமண் பாறை, நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே சிலேட்டாக மாறுது. பக்கத்திலுள்ள ஸ்லேட்டிங்டன் ஊரிலிருந்துதான் ஒரு காலத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டுகள் போயின.

நசுங்காத பாறையில் தட்டையான தாதுக்கள் படிவு அடுக்கோடு படுத்திருக்கும். அதனால காந்த ஏற்பு மிகக் குறைவான அச்சு, அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கும். நன்றாக நசுங்கிய சிலேட்டில் அதே அச்சு பிளவுத்தளத்துக்குச் செங்குத்தாகத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பாறை, பலப்பம் மாதிரி நீளநீளமா உடையும். அங்கே காந்த ஏற்பு அதிகமான அச்சு, அடுக்கும் பிளவுத்தளமும் வெட்டிக்கொள்ளும் கோட்டோடு ஒத்துப்போகும்.

ஏமாந்துபோகிற இடம் இதுதான். அளவீடு குச்சி வடிவத்தைக் காட்டுதே, அப்போ பாறை அந்தத் திசையில் இழுபட்டிருக்கணும்னு தோணும். அவசியமில்லை. அடுக்கோடு படுத்த தாதுக்களும் பிளவுத்தளத்தோடு நிற்கும் தாதுக்களும் ஒரே உருளையில் கலந்திருந்தால், இரண்டுக்கும் பொதுவான திசை அந்த வெட்டுக்கோடு மட்டும்தான். கூட்டிப் பார்த்தால் குச்சி வடிவம் தானாக வரும். இழுபடவே வேண்டாம்.

இன்னொன்று, யார் அந்த எண்ணைத் தர்றாங்கன்னு பார்க்கணும். லீஹை கேப்பில் பெரும்பங்கு குளோரைட் என்ற தட்டைத் தாதுவுடையது. வேறொரு பாறையில் கொஞ்சமே மேக்னடைட் இருந்தாலும் அதன் குரலே ஓங்கிக் கேட்கும். தாதுக்கள் திரும்பி நிற்பது மட்டுமல்ல, கரைந்து புதிதாகவும் வளரும். அதனால 5 சதவீதக் காந்த வேறுபாடு என்றால் பாறை 5 சதவீதம் நசுங்கியது என்று அர்த்தமில்லை.

திசைக்கு இந்த முறையை நம்பலாம். எவ்வளவு நசுங்கியது என்று கேட்டால், தாது எதுவென்று முதலில் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்க. அடுத்த பகுதியில் சந்திப்போம்.