பாவத்திற்கு வேறு பெயர் சூட்டாதிருப்போம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் எங்கள் சாப்ளின் ஐயா அளித்த செய்தி)



சொல்ல நா கூசுகிற ஒரு காரியத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம். சிறு பிள்ளைகளைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்துவது தவறல்ல என்று வாதாடுகிற மனிதரும் உலகில் உண்டு. அவர்கள் கூட்டம் சிறியது. ஆனாலும் அவர்களுடைய தந்திரத்தை நாம் அறிந்திருக்கவேண்டும்.

பிரிட்டனில் 1974-ல் இப்படிப்பட்டவர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள். சம்மத வயது என்ற சட்ட வரம்பை எடுத்துவிட வேண்டுமென்று 1975-ல் அரசுக் குழுவுக்கு மனுவும் கொடுத்தார்கள். 'விடுதலை', 'பிள்ளைகளின் உரிமை' என்று நல்ல வார்த்தைகளையே பேசினார்கள். குடிமக்கள் உரிமைக்காகப் பாடுபட்ட மதிப்புள்ள ஓர் அமைப்பும் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1984-ல் அச்சங்கம் கலைந்தது.

மேற்கு பெர்லினில் நடந்தது இன்னும் கொடியது. ஹெல்முட் கென்ட்லர் என்ற கல்விமான், 1960-களின் இறுதியில், ஆதரவற்ற பையன்களை இப்படிப்பட்ட ஆண்களிடமே வளர்க்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்கள் பிள்ளைகளிடம் மிகுந்த அன்பு காட்டுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நகர அதிகாரிகளும் இடங்கொடுத்தார்கள். ஹில்டெஸ்ஹைம் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை இதை விவரிக்கிறது. அங்கே ஓநாய்க்குக் கதவு திறந்தது 'அன்பு' என்ற சொல்தான்.

நம் வீடுகளிலும் இதை மூடுகிற சொற்கள் உண்டல்லவா? 'சித்தப்பா சும்மா விளையாடினார்.' 'பிள்ளை மறந்துவிடும்.' 'குடும்ப மானம் போய்விடும்.' 'சபையின் பேர் கெட்டுவிடும்.' அந்தக் கூட்டத்தார் பாவத்தை நியாயமென்கிறார்கள். நாம் மறைக்க மட்டுமே பார்க்கிறோம். ஆனால் அடிபட்ட பிள்ளை இரண்டிடத்திலும் தனித்தே நிற்கிறது.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் சொன்னதைக் கவனியுங்கள். இத்தகைய படங்களைக் 'குழந்தை ஆபாசப் படம்' என்று நீதிமன்றங்கள் அழைக்கலாகாது; அவை பிள்ளைகள் மீதான சுரண்டலையும் கொடுமையையும் காட்டுபவை என்றே அழைக்கவேண்டும் என்று கூறிற்று. கொடுமைக்கு அதன் சரியான பெயர் வேண்டும் என்பதே இதன் பொருள்.

2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் 'சம்மதம்' குற்றவாளிக்குச் சாக்காகாது. விஷயம் அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். 1098 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். எந்த மருத்துவமனையும் போலீஸ் கடிதம் வரட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சை தரவேண்டும். அப்படி வரும் பிள்ளைக்காகவும் உங்கள் காணிக்கை செலவாகிறது.

தீமையை நன்மையென்று அழைப்பவர்களை ஏசாயா தீர்க்கதரிசி எச்சரித்தார். சிறியவருக்கு இடறல் உண்டாக்குகிறவனைக் குறித்து நம் ஆண்டவர் ஏந்திரக்கல்லைச் சொல்லிப் பேசினார். ஆகையால், ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், அதட்டாமல் கேளுங்கள், நம்புங்கள், 'உன்மேல் தப்பில்லை' என்று சொல்லுங்கள். அதற்கான தைரியத்தைக் கர்த்தர் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.