ஆற்றங்கரை சொல்லும் சாட்சி



வெள்ளி விழாக் காணும் இம்மேடையில், தொலைவிலுள்ள ஓர் ஆற்றங்கரையைப் பற்றிப் பேச விழைகின்றோம். இங்கிலாந்தில் மெர்சி ஆற்றின் கரையில் லிவர்பூல் நகரம் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது அடிமை வாணிகத்தின் பெருந்துறைமுகமாயிற்று. ஆப்பிரிக்க மக்களைப் பண்டமாக விற்ற பணத்தில் அந்நகரம் செழித்தது. 1807ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வாணிகத்தைத் தடுத்தது.

1846இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் கப்பல்துறை முதலியன அமைந்த அக்கரையை, 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பின்னர் வடபுறத்துத் துறைகளில் வானளாவிய கட்டடங்களை எழுப்பத் திட்டம் தீட்டினர். 2012இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலில் அந்நகரம் இடம்பெற்றது. பழைய துறையொன்றில் கால்பந்து அரங்கம் கட்டவும் முடிவாயிற்று. 2021 சூலையில் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே அதன் பெயர் நீக்கப்பட்டது.

"தொழிலும் வருவாயும் வேண்டாமா?" என்பது நகர ஆட்சியினரின் வாதம். வறுமையை அறிந்த நாம் அதனை எள்ளி நகையாட இயலாது. ஆயின் செர்மனியின் கொலோன் நகரைக் காணுங்கள். ரைன் ஆற்றங்கரையில் 157 மீட்டர் உயரமுள்ள பேராலயம் அங்கு உண்டு. எதிர்க்கரையில் எழவிருந்த உயர்மாடிக் கட்டடங்களால் 2004இல் அதற்கும் ஆபத்து அறிவிக்கப்பட்டது. நகரம் திட்டத்தை மாற்றியது. உயரத்திற்கு வரம்பு வகுத்தது. 2006இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து மீண்டது. நகரம் வளரலாம், எங்கே, எவ்வளவு உயரம் என்பதே கேள்வி.

இதனால் நமக்கு என்ன என்பீர்கள். பழைய கரை செல்வரின் பெருமையை மட்டும் சொல்வதன்று. துன்புற்றோரின் சாட்சியும் அதுவே. ஆல்பர்ட் துறையில் 2007இல் பன்னாட்டு அடிமைமுறை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அடிமைக் கப்பல்கள் பழுது பார்க்கப்பட்ட துறைகள் அதன் அருகிலேயே உள்ளன. ஏட்டில் எழுதப்படாதவர்களின் வரலாற்றை இடங்களே காத்து வைக்கின்றன. இடம் உருமாறினால் சாட்சியும் மங்கும். நம் முன்னோரும் ஏட்டில் எழுதப்படாதவர்களே அன்றோ?

இளைஞர்களே! எந்த இடம் நிற்கும், எது இடியும் என்பதை வரைபடத்தின் முன் அமர்ந்தோரே முடிவு செய்கின்றனர். அவ்விருக்கையில் நம் பிள்ளைகளும் அமர வேண்டும். பொறியியல், சட்டம், நகரமைப்பு ஆகியவற்றைப் பயிலுங்கள். திட்ட அறிவிப்பு வெளிவரும் நாளில் அதனைப் படித்து, குறித்த கெடுவுக்குள் கருத்தை எழுத்தில் தாருங்கள். இச்சங்கம் அளித்த கல்விக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.