வளைகாப்புக்கு முன் வேண்டியது
(நெய்வேலியில் பேசியதன் சாரம்)



இந்த நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பதை எந்த ஜோசியனும் சோழி உருட்டிச் சொல்லவில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. பிறகு பல இடங்களில் துளையிட்டு, எத்தனை அடியில் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்த பிறகே 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. மண் விஷயத்தில் காட்டிய இந்தப் புத்தியை நம் வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணின் இரத்த விஷயத்தில் காட்டுகிறோமா என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை வியாதி என்பது என்ன? கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் சில நீர்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. அதற்கு ஈடாகக் கணையம் அதிகமாகச் சுரக்க வேண்டும். முடியாதவளுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. தாயின் இன்சுலினோ போவதில்லை. ஆகவே வயிற்றிலிருக்கும் குழந்தையே இன்சுலினை அதிகம் சுரந்து, அளவுக்கு மீறிப் பருக்கிறது. பிரசவம் கஷ்டமாகிறது. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தும் நேரலாம். இதில் தலைவிதி எங்கே? கண்ணேறு எங்கே? மருமகள் வந்த ராசி எங்கே?

இது பணக்கார வீட்டு வியாதி என்று சிலர் சொல்லுகிறார்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியான ஆராய்ச்சியில், நகரத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கும், கிராமத்தில் சுமார் 10 பேருக்கும் இது இருக்கக் கண்டார்கள். பலருக்கு வெளியே ஓர் அடையாளமும் தெரிவதில்லை. இரத்தத்தைப் பார்த்தாலொழிய அறிய வழியில்லை.

அறியும் வழியோ மிகவும் சுலபமானது. சென்னை டாக்டர் வி. சேஷய்யாவும் அவரைச் சேர்ந்தவர்களும் வற்புறுத்தி வந்த முறை இது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டியது. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் வியாதி உண்டு. பட்டினியாக வரவேண்டியதில்லை. தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்ணை, “இன்று போய் நாளை வெறும் வயிற்றோடு வா” என்றால் அவள் திரும்பி வருவாளா என்று யோசித்து எடுத்த முறை. 2007-ல் தமிழ்நாடு அரசாங்கம் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமென உத்தரவிட்டது. முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒரு முறை. அதில் இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் ஒரு முறை.

நிற்க. இது யாருக்கு வரும் என்பதை ஆரம்ப மாதங்களிலேயே இரத்தத்தைக் கொண்டு சொல்ல முடியாதா என்றும் ஆராய்கிறார்கள். கொழுப்புத் திசுவில் உண்டாகும் அடிபோனெக்டின் என்ற பொருள், பின்னால் இவ்வியாதி வரப்போகும் பெண்களிடம் முன்னமே குறைந்து காணப்படுகிறது. மூன்று மாதச் சர்க்கரை என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி கணக்கும் ஓரளவு குறி காட்டுகிறது. ஆனால் அது சிவப்பணுவை நம்பிய கணக்கு. நம் பெண்களிடம் மிகுந்துள்ள இரத்தசோகையால் அது பிசகக்கூடும். ஆகவே இவற்றில் எதுவும் குளுக்கோஸ் பரிசோதனையின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. விஞ்ஞானம் என்று பேர் சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் ஒரு பக்திதான். புதிய பரிசோதனைக்குப் பெரிய தொகை கேட்டால், “இதனால் தாய்க்குச் செய்யும் சிகிச்சையில் என்ன மாறும்?” என்று கேளுங்கள். பதிலில் நியாயமிருந்தால் செய்யுங்கள்.

வியாதி தெரிந்தால் பயப்படவேண்டியதில்லை. பலருக்கு உணவைத் திருத்துவதும் நடையுமே போதும்; போதாதவர்களுக்கு மருந்தும் இன்சுலினும் இருக்கின்றன. “இரண்டு உயிருக்குச் சாப்பிடு” என்று சோற்றையும் பலகாரத்தையும் திணிக்கும் மாமியார்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். “சர்க்கரை” என்ற பேச்சு வெளியே போனால் சம்பந்தி வீட்டார் பழிப்பார்களே என்று மறைப்பவர்கள், மானத்தைக் காப்பாற்றவில்லை. தாயையும் பிள்ளையையும் பலி கொடுக்கிறார்கள். புருஷர்களே! அவளுக்குத் தனிச் சமையல் கேட்காதீர்கள். அவள் உண்பதையே நீங்களும் உண்ணுங்கள்.

பிரசவத்தோடு சர்க்கரை இறங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்ததென்றும் நினைக்க வேண்டாம். அவளுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; பிறகும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம், பந்தலுக்கும் பலகாரத்துக்கும் கடன் வாங்குகிறோம். அந்த மாதத்துக்குள்தான் இரண்டாவது பரிசோதனைக்கு உரிய வாரங்களும் வந்து போகின்றன. அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கேட்பதில்லை; கேட்பதெல்லாம் இரண்டு மணி நேரம் காத்திருக்கும் பொறுமை. நீங்கள் வளையல் போடுங்கள், போடாமலிருங்கள். அது உங்கள் இஷ்டம். ஆனால் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்காமல் வளைகாப்புக்கு நாள் குறிப்பதில்லை என்று இன்று இங்கிருந்து முடிவு செய்துகொண்டு போங்கள்.